அறுபது பாயிண்ட் காற்று

எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஜோடி சக்கரங்களைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள் என் மருமகள். ஒரு ஜோடி பெரியது, டயர் மெலிந்தது. இன்னொரு ஜோடி சற்றுச் சிறியது, டயர் பருத்தது. நடுவில் சக்கரமே இல்லாத சைக்கிளின் உடம்பு தலைகீழாக நின்றது.

"ஏங்க, எந்தச் சக்கரம்னு வெரசா முடிவு பண்ணச் சொல்லுங்க. வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா உக்கார இடமில்ல" என்றாள் என் மனைவி.

"சக்கரத்து மேலயே உக்காரச் சொல்லுங்க அத்தை. எது மெத்துனு இருக்குன்னு அவங்களே சொல்லட்டும்" என்றாள் மருமகள், நிமிர்ந்து பார்க்காமல்.

நான் இந்த ஊர்க் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. மூட்டு தேய்ந்து என்னால் மலையில் நடக்க முடியாமல் போனதும் அதைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றிருந்தேன். மகனுக்குப் பெங்களூரில் வேலை. தோட்டத்தில் அவனுக்கு நாட்டமில்லை. "நான் பாத்துக்கிறேன் மாமா" என்று சொன்னவள் மருமகள்தான். தோட்டக்கலை படித்தவள். தன் வேலையை விட்டுவிட்டுப் போடிக்கு வந்து எங்களோடு தங்கினாள். மகன் மாதம் ஒருமுறை வந்துபோவான்.

தோட்டத்துக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வழி ஜீப்பு. விடியற்காலையில் வேலையாட்களோடு நெருக்கியடித்து ஏற வேண்டும். ஜீப்பு எப்போது இறங்குகிறதோ அப்போதுதான் இறங்கி வர முடியும். எந்தச் செடியின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதையும் ஜீப்பு டிரைவர்தான் தீர்மானித்தார். ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தாள்; தோட்டத்துப் பாதைச் சேற்றில் அது அவள் மேலேயே சாய்ந்தது. கோயம்புத்தூரில் படித்த காலத்தில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டியவள். அதனால்தான் இந்த கிராவல் சைக்கிள். தார் ரோட்டிலும் ஓடும், சரளைக்கல்லிலும் ஓடும். கைப்பிடி ஆட்டுக்கிடாயின் கொம்புபோலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆட்டுக்கொம்பு சைக்கிள் என்றே என் மனைவி அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்.

இரண்டு வேலைக்கும் பொதுவான சைக்கிள் என்பதால்தான் சக்கரத்தில் இவ்வளவு யோசனை. போடியிலிருந்து முந்தல் வரை சமவெளி. அதன் பிறகு கொண்டை ஊசி வளைவுகளாக மெட்டு வரை ஒரே ஏற்றம். அதுவரை எல்லாம் தார். மெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தோட்டத்துப் பாதை பிரியும். மழை மண்ணை அரித்து எடுத்துவிட, தேங்காய் அளவிலும் அதற்கு மேலும் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பாதை. தாருக்குப் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் நல்லது. கல்லுக்குப் பருத்த டயர் வேண்டும். பெரிய சக்கரத்தில் பருத்த டயரைப் போடலாம் என்றால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்பக்கக் கவைக்குள் அது உரசும். சேறு ஒட்டினால் சுற்றவே சுற்றாது. அதனால் பருத்த டயர் வேண்டுமென்றால் சக்கரத்தைச் சிறிதாக்கியே ஆக வேண்டும்.

பெரியதற்கு எழுநூறு என்று பெயர், சிறியதற்கு அறுநூற்றைம்பது. நான் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எழுநூறு எங்கேயும் இல்லை. டயர் உட்காரும் விளிம்பில் பெரியது அறுநூற்று இருபத்திரண்டு மில்லிமீட்டர். சிறியது ஐந்நூற்று எண்பத்துநாலு. பெயர்கள் பழைய வழக்கத்தில் ஒட்டிக்கொண்டவை, அளவோடு சம்பந்தமில்லை என்றாள் அவள். டயரையும் சேர்த்து அளந்தபோது நான் அசந்துபோனேன். மெலிந்த டயர் போட்ட பெரிய சக்கரத்துக்கும் பருத்த டயர் போட்ட சிறிய சக்கரத்துக்கும் மொத்த உயரத்தில் இரண்டே சென்டிமீட்டர் வித்தியாசம். இரும்பு விட்டுக்கொடுத்த உயரத்தைக் காற்று நிரப்பியிருந்தது. ஒரு சக்கரத்தில் எவ்வளவு பொருள், எவ்வளவு காற்று என்று பிரித்து முடிவு செய்வதுதான் இந்தத் தேர்வு என்று அப்போது எனக்குப் புரிந்தது. வாழ்நாள் முழுக்கச் சைக்கிளில் கல்லூரிக்குப் போய்வந்தவன் நான். ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

இரண்டு ஜோடியையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றாள். முதலில் பெரிய சக்கரம். நான் எங்கள் தோட்டத்துக்கு வழக்கமாக ஓட்டும் பாயின் ஜீப்பில் பின்னால் போனேன். பாய் கம்பத்துக்காரர், போடியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். மலை ஏறுமுன் ஓர் இரும்புத் தடியால் நான்கு டயரையும் தட்டிப் பார்ப்பார். அவர் மட்டுமல்ல, ஆளும் உரமும் ஏற்றிப்போகிற எல்லா ஜீப்புக்காரர்களும் அப்படித்தான்.

"டங்குன்னு சொல்லணும் சார். சொதக்குன்னு சொன்னா நான் மேல ஏத்த மாட்டேன். லோடு தாங்காது" என்பார்.

முந்தலைத் தாண்டியதும் அவளைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போனோம். மேலே ஒரு வளைவில் நிறுத்தி இறங்கிக் கீழே பார்த்தேன். அடுக்கடுக்காகச் சாலை மடிந்து கிடந்தது. அதில் எங்கோ ஓர் ஆரஞ்சு நிறச் சட்டை, ஊர்வதுபோல் வந்துகொண்டிருந்தது. பஸ்சு அவளைக் கடந்தது, ஜீப்புகள் கடந்தன, அவள் அதே வேகத்தில் வந்தாள். பாறை முகத்தில் மறைவாள். நாங்கள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு மடிப்பு மேலே தெரிவாள். கீழே போடி வெயிலில் வெளிறிக் கிடந்தது. அத்தனை உயரத்தையும் ஒரு மனுஷி தன் இரண்டு காலால் மிதித்து மிதித்துத் தனக்குக் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். மலையைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று அந்தச் சட்டையை வைத்துத்தான் தெரிந்தது.

"சார், இந்தப் பிள்ளையால எங்க பொழப்பு என்னாகும்? எல்லாரும் சைக்கிள்ல கெளம்பிட்டா?" என்றார் பாய்.

"நீங்களும் ஒண்ணு வாங்கிக்கங்க பாய்."

"எனக்கு இறக்கத்துக்கு மட்டும் ஒண்ணு கெடைக்குமான்னு கேளுங்க."

அடுத்த வாரம் சிறிய சக்கரத்தில் ஏறினாள். தாரில் நேரம் கூடுதலாக ஆனது. ஆனால் தோட்டத்துப் பாதையில் பெரிய சக்கரத்தோடு இறங்கி உருட்டிப் போன இடங்களை எல்லாம் இப்போது ஓட்டியே கடந்தாள். அன்று மாலை பெங்களூரிலிருந்து மகன் போனில் பேசினான். பெரிய சக்கரத்தையே போடு, ஏற்றத்தில் வேகம்தான் முக்கியம் என்றான். நானும் அவன் பக்கம்தான்.

"ஏத்தத்துல ஏறுறது நீயா நானா?" என்று போனில் கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பி, "மாமா, தாரு ரோட்டுல அரை மணி நேரம் கூட ஆனா ஆயிட்டுப் போகுது. எனக்குச் சோலி இருக்கறது அந்தப் பாதைக்கு அங்கிட்டு. சின்னதுதான்" என்றாள்.

காற்றும் குறைவாகத்தான் வைத்தாள். உள்ளே ட்யூப் கிடையாது. அரை டம்ளர் அளவுக்கு வெள்ளையாகப் பால்போல ஒன்றை ஊற்றியிருந்தாள். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துவிடும். ட்யூப் இல்லாததால் காற்றைக் குறைத்தாலும் பஞ்சராகும் பயமில்லை. முன்சக்கரத்துக்கு இருபத்துநாலு பாயிண்ட், பின்சக்கரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அடியில் வட்டமான காற்றளவு மானியும் அதில் ஆடும் முள்ளும் உள்ள நீளமான பம்பை வைத்து, பாட்டில் மருந்து அளப்பதுபோல அளந்து அடிப்பாள். நான் கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்ப்பேன். விரல் உள்ளே போகும். எனக்கு மனசு ஒப்பாது. போடியில் பிறந்தவன் யாரும் மெத்தென்ற டயரைப் பார்த்துக்கொண்டு சும்மா போகமாட்டான். வீட்டிலிருந்து ஒருவர் மலைக்குக் கிளம்பினால் வண்டியில் காற்றைப் பார்த்து வைப்பது இங்கே சாப்பாடு கட்டிக் கொடுப்பதுபோல. அது பெரியவர்களின் வேலை.

அப்படித்தான் செய்தேன். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், அவள் உள்ளே தோட்டத்துக்கான பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது நான் முன்வாசலுக்குப் போய்ப் பம்பை மாட்டினேன். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தார்கள்: அதிகபட்சம் அறுபது. அதிகபட்சம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாதவனல்ல நான். ஆனாலும் அறுபது வரை அடித்தேன். பிறகு, பாய் செய்வதுபோல, சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தேன். டங்கென்றது. எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று இப்போது எழுதக் கூசுகிறது.

பாசத்தில் செய்தேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அது பாதிதான். பெரிய சக்கரம் வேண்டும் என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. கல்போலக் காற்றடித்தால் சின்னச் சக்கரமும் தாரில் பறக்கும், அவளே வந்து சொல்வாள், அப்போது நான் சிரித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. முந்தின நாள் மாலையே காற்றைப் பார்த்து வைத்திருந்ததால் அவள் மறுபடி பார்க்கவில்லை. "வர்றேன் மாமா, வர்றேன் அத்தை" என்று கிளம்பினாள்.

மதியம் பாயின் ஜீப்பு அவளை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது. தோட்டத்துப் பாதையின் இறக்கத்தில் விழுந்திருந்தாள். இடது காறை எலும்பு முறிந்திருந்தது. கன்னத்தில் கல் கீறியிருந்தது. பாதைக்குக் கீழே ஏலச்செடிகளுக்குள் போய் விழுந்ததால் தலை தப்பியது என்றார் பாய். இன்னும் இரண்டடி தள்ளியிருந்தால் ஓடைப் பாறை.

"ஏறும்போதே கை அதிர்ந்துச்சு மாமா. மழைக்கு ரோடு பேந்து கெடக்குன்னு நெனச்சேன்" என்றாள், கட்டிலில் படுத்துக்கொண்டு. "அந்தக் கல்லு எனக்குத் தெரிஞ்ச கல்லுதான். எத்தன தடவ ஏறி இறங்கியிருக்கேன். இன்னைக்கு டயரு அதுல பட்டு அப்படியே எகிறிடுச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல."

எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை.

சாயங்காலம் பாய் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். டயரைக் கையால் தட்டிப் பார்த்தார். "பாருங்க சார், காத்து கும்முனு இருக்கு. வண்டி மேல ஒரு கொறையும் இல்ல. பிள்ளைக்குத்தான் நேரஞ் சரியில்ல" என்றார். அவர் என் வேலையைப் பாராட்டிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன்.

அவர் போனபின் நான் செய்ததுதான் இந்தப் பக்கங்களிலேயே மோசமானது. சைக்கிளின் அருகே குந்தி உட்கார்ந்து வால்வைத் திருகி அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. பம்பின் முள்ளைப் பார்த்துப் பார்த்து முன்சக்கரத்தை இருபத்துநாலில் நிறுத்தினேன். பின்சக்கரத்தையும் அவள் கணக்குக்கே கொண்டுவந்தேன். உள்ளிருந்த பால் ஒரு துளி தெறித்து என் நகத்தில் விழுந்தது. துடைப்பதற்குள் ரப்பராக உறைந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என்ன அது கையில என்று மனைவி கேட்டபோது பெயிண்ட் என்றேன்.

ஏன் சொல்லவில்லை? பயம்தான். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். அழுத்தம் என்ற பாடத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியவன், தன் மருமகள் ஓட்டுகிற டயரில் அதை மறந்தான் என்று வெளியே தெரிவதை நினைத்துப் பயந்தேன். அதைவிட, அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று பயந்தேன்.

கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், நடக்க முடிந்த முதல் நாளே முன்வாசலுக்குப் போய்ப் பம்பை மாட்டி முள்ளைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். முள் அவள் வைத்த இடத்திலேயே நின்றது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"காத்து சரியாத்தான் இருக்கு மாமா. அப்ப சக்கரம்தான் தப்பு. நான்தான் தப்பா எடுத்துட்டேன்."

அன்றிலிருந்து அவள் குரல் மாறியது. முன்பெல்லாம் தோட்டத்து மேஸ்திரி போன் செய்தால் இந்த வரிசையில் நிழல்மரக் கிளைகளைக் கழிக்க வேண்டும், அந்தப் பக்கம் மருந்து வேண்டாம் என்று படபடவென்று சொல்வாள். இப்போது "நீங்களே பாத்து செய்யுங்கண்ணே" என்றாள். ஒரு சக்கரத்தைக்கூடச் சரியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவளுக்குத் தோட்டம் எதற்கு என்று என் மனைவியிடம் சொன்னாளாம். மகன் போனில் குத்தகைப் பேச்சை மறுபடி எடுத்தான். அவள் மறுக்கவில்லை. கம்பத்திலிருந்து ஒருவர் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடாயிற்று. சிறிய சக்கரங்களை யாருக்காவது தள்ளிவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டாள்.

அதற்குள் எலும்பு கூடிவிட்டது. தூளியை எடுத்துவிட்டார்கள். குத்தகைக்காரர் வரவேண்டிய வாரமும் வந்தது. அவளும், பெங்களூரிலிருந்து வந்திருந்த மகனும் டாக்டரைப் பார்க்க மதுரைக்குப் போன காலையில் நான் படிக்குப் படி நின்று சைக்கிளை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். அதுவரை எனக்குள் ஒரு மூலையில் ஒரு சமாதானம் இருந்தது: காற்றால்தான் விழுந்தாள் என்று யாருக்குத் தெரியும், மழை, பாசி, வேறு எதுவாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துவிடத் துணிந்தேன்.

மனைவியை ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"என்னத்துக்கு?"

"டயரு காலடி பாக்கணும்."

"ரிட்டையர் ஆனப்பவே எனக்குத் தெரியும், இப்படி ஒரு நாள் வரும்னு" என்றபடி ஊற்றினாள்.

முதலில் அறுபது பாயிண்ட் அடித்தேன். டயரை நனைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, காய்ந்த சிமெண்டுத் தரையில் ஓரடி உருட்டினேன். மெல்லிய ஈரக்கோடு விழுந்தது, ஒரு விரல் அகலம். பிறகு இருபத்துநாலுக்கு இறக்கி அதையே செய்தேன். இப்போது அகலமான ஈரத்தடம், உள்ளங்கையை ஊன்றி எடுத்ததுபோல. அதே சைக்கிள், அதே கிழவன், அதே தரை. எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது தரையில் தன்னைத்தானே எழுதிக்காட்டுவதை அன்றுதான் பார்த்தேன். இரண்டு தடங்களும் வெயிலில் காய்ந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுத்து, பூந்தொட்டியிலிருந்து பாக்கு அளவில் ஒரு கூழாங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தேன். காற்று குறைந்த டயர் அதன் மேல் ஏறியபோது ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்தேன். ரப்பர் கல்லைச் சுற்றிக் குழிந்து அதை வாயில் வாங்கிக்கொண்டது போலிருந்தது. ரிம் கொஞ்சம்கூட எழும்பவில்லை. காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் ஒரு கல் போய் உட்கார்ந்துகொண்டது. இதைத்தான் அவள் முன்னறையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருக்கிறாள். சக்கரத்தின் அளவு, டயரின் பருமன், காற்றின் கணக்கு மூன்றும் ஒன்றுக்கொன்று பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. மலையின் ஒவ்வொரு கல்லுக்கும் இடம் கொடுத்துப் போவதற்கான ஏற்பாடு. அதில் ஒன்றை மட்டும் நான் யாரையும் கேட்காமல் மாற்றியிருக்கிறேன்.

மறுபடி அறுபது அடித்துக் கல்லின் மேல் ஏற்றினேன். சைக்கிள் வெடுக்கென்று உதறியது. கல் சக்கரத்தடியிலிருந்து தெறித்துப் பறந்து மனைவியின் எவர்சில்வர் வாளியில் போய் மோதியது.

"கண்ணு போயிருக்கும்! எறங்குங்க முதல்ல!" என்று கத்தினாள்.

மாடியில் கல் சின்னது, அதனால் கல் பறந்தது. மலையில் கல் பெரியது. பறந்தது அவள்.

நான் இறங்கி வாளியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று கேட்டாள் மனைவி. அவளிடம்தான் முதலில் சொன்னேன். கேட்டு முடித்து, வாளியில் விழுந்த நெளிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே" என்றாள்.

மதுரையிலிருந்து அவர்கள் திரும்பியதும், அவள் கை கால் கழுவிவிட்டு வந்தவுடன் சொன்னேன். காற்றடித்ததைச் சொன்னேன். எடுத்ததையும் சொன்னேன். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"எவ்வளவு அடிச்சீங்க?"

"அறுபது."

"அறுபதா!" அவள் வாய் திறந்தபடி இருந்தது. "அறுபது பாயிண்ட்டோட நான் மெட்டு ஏறி, பாதையில பாதி தூரம் ஓட்டியிருக்கேனா?"

அந்த ஒரு நொடி அவள் முகத்தில் கோபத்துக்கு முன்னால் வேறு எதுவோ வந்தது. தான் செய்ததை நினைத்து அவளே மலைத்துப்போனது. பிறகு கோபம் வந்தது. கத்தவில்லை.

"விழுந்ததுக்கு இல்ல மாமா. விழுகறது சைக்கிள்ல உள்ளதுதான். இத்தன நாளா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நானே நம்பிக்கிட்டுத் திரிஞ்சேன். முள்ளைப் பாத்துட்டு வந்து உங்ககிட்டதான சொன்னேன், நான் தப்பா எடுத்துட்டேன்னு? அப்பவும் பேசாம நின்னீங்கள்ல. அதுதான்."

"மன்னிச்சிரு ஆத்தா" என்றேன்.

"பாப்போம்" என்றாள். உள்ளே போய்க் குத்தகைக்காரருக்குப் போன் செய்தாள். "அண்ணே, வர வேணாம். தோட்டம் குத்தகைக்கு இல்ல. ஆமா, நானேதான் பாக்கப்போறேன்." அடுத்து மேஸ்திரிக்குப் போன் செய்து, மேல்வரிசையில் நிழல் கழித்தாயிற்றா என்று கேட்டுச் சத்தம் போட்டாள். அந்தச் சத்தம் கேட்டுச் சமையலறையில் என் மனைவி மூக்கைச் சிந்தினாள்.

கை முழுதாகப் பழகியதும் சிறிய சக்கரத்தில் மறுபடி கிளம்பினாள். நான் பாயின் ஜீப்பில் போனேன். நீங்கள் வரலாம் என்று அவள் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று மெட்டில் மேகம் இறங்கியிருந்தது. தோட்டத்துப் பாதையில், அவள் விழுந்ததாகப் பாய் காட்டிய அந்தக் கல்லுக்குக் கொஞ்சம் கீழே ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். எனக்கு ஒரு பக்கம் ஏலச்செடிகள், இன்னொரு பக்கம் ஓடை. கல் கருத்து நனைந்து, ஓர் ஆமை முதுகுபோல இருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம் வந்தது. ஈர மண்ணில் டயர் ஒட்டிப் பிரிகிற மெல்லிய சத்தம். பிறகு அவள் தெரிந்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை, கல்லைப் பார்த்தாள். முன்சக்கரம் அதன் மேல் வந்தபோது டயர் குழிந்தது, கல்லை உள்ளே வாங்கியது, கடந்ததும் நிமிர்ந்தது. பின்சக்கரமும் அப்படியே. அவள் தோள்கள் அசையவே இல்லை. கண் இமைக்கும் நேரம்தான். மலை முழுவதும் அவளுக்குக் கீழே ஒருமுறை மெத்தென்று மூச்சுவிட்டதுபோல இருந்தது எனக்கு. அவள் வளைவில் மறைந்த பிறகும் நான் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சார் இது, டயரு சொதக்குனு போகுது, பிள்ள பறக்குது?" என்றார் பாய்.

"அதுக்குக் காத்து அவ்வளவுதான் பாய்" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. ஜீப்பு டயரை ஒரு தட்டுத் தட்டி டங்கென்றதும்தான் ஏறினார்.

அவள் இன்னும் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. மாமா என்றுதான் கூப்பிடுகிறாள், பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள். ஆனால் பம்பு இப்போது அவள் அறைக்குள் இருக்கிறது. தோட்டத்துக்குக் கிளம்புகிற காலையில் முதலில் பையைக் கட்டிச் சைக்கிளில் மாட்டிவிடுகிறாள். செருப்பைப் போட்டு, எங்களிடம் சொல்லிக்கொண்டு, ஏறுவதற்கு முன் கடைசியாகத்தான் பம்பை எடுத்துவந்து காற்றைப் பார்க்கிறாள். என் கண் முன்னால்தான் பார்க்கிறாள். முள் எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியும்படி தள்ளி நின்றுகொள்கிறாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்க்கிறேன்.